ஊரே வேர்க்கும்போது வேது எதற்கு?

தூத்துக்குடியில் சித்திரை மாதம் யாரிடமாவது போய் நீராவிக் குளியலின் அருமையைச் சொன்னால் ஏற இறங்கப் பார்ப்பார்கள். குளித்துவிட்டுச் சட்டையை மாட்டுவதற்குள் முதுகு நனைந்துவிடும் ஊர் இது. கொண்டல் காற்று ஓய்ந்து கச்சான் காற்று இன்னும் தொடங்காத நாட்களில், மத்தியானம் ஒரு மணிக்குப் பழைய துறைமுகத்துப் பக்கம் நடந்தவருக்குத் தனியாக நீராவி எதற்கு?

இருந்தும் கேள்வி வந்துவிட்டது. நட்சத்திர ஓட்டல்களோடும் உடற்பயிற்சிக் கூடங்களோடும் நின்றிருந்த ‘ஸ்டீம்’, ‘சவுனா’ என்ற சொற்கள் இப்போது வீட்டு வரைபடத்துக்குள் நுழைகின்றன. இணையக் கடைகளில் சில ஆயிரம் ரூபாய்க்கு நீராவிக் கூடாரம் கிடைக்கிறது. நடுவில் நாற்காலி, பக்கத்தில் ஒரு கொதிகலன், மேலே தலை மட்டும் வெளியே தெரியும் துணிக்கூடு. வசதி உள்ளவர்கள் குளியலறையையே நீராவி அறையாக மாற்றக் கேட்கிறார்கள். உடம்பின் நச்சு வெளியேறும், எடை குறையும், சளி கரையும், தோல் மினுங்கும் என்று விளம்பரங்கள் அடுக்குகின்றன. இதில் எது உண்மை, எது வியாபாரம், நம் ஊரின் காற்றுக்கும் தண்ணீருக்கும் எது ஒத்துவரும் என்று பிரித்துப் பார்ப்பதுதான் இந்தக் கட்டுரையின் வேலை.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்க்க வேண்டும். பின்லாந்துக்காரர்களின் சவுனா வேறு, நீராவி அறை வேறு, ஆவி பிடிப்பது என்கிற நம் வீட்டு வேது வேறு. சவுனாவில் காற்றின் வெப்பம் 80 முதல் 100 பாகை செல்சியஸ் வரை போகும். ஆனால் ஈரப்பதம் 10, 20 சதவீதத்தைத் தாண்டாது. மரப்பலகை போட்ட அறை, அடுப்பின் மேல் கருங்கற்கள், அவ்வப்போது கற்கள்மேல் ஓர் அகப்பை தண்ணீர். நீராவி அறையில் வெப்பம் 40 முதல் 45 பாகைதான், ஈரப்பதமோ நூறு சதவீதம். வேது பிடிப்பதில் அறையே கிடையாது. ஒரு சருவம், ஒரு போர்வை, உள்ளே ஒரு தலை.

80 பாகைக் காற்றில் உட்கார்ந்திருப்பவர் வெந்துபோவதில்லை, 45 பாகை நீராவியில் இருப்பவருக்கு மூச்சு முட்டுகிறது. காரணம் வேர்வை. வறண்ட காற்றில் வேர்வை உலர்கிறது, உலரும்போது தோலின் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. நீராவி அறையில் காற்று ஏற்கெனவே நிறைந்திருப்பதால் வேர்வை உலர வழியில்லை. போதாக்குறைக்கு, தோல் 35, 36 பாகையில் இருக்க, சுற்றியுள்ள ஆவி அதன்மேல் நீராகப் படிந்து தன் சூட்டையும் அங்கேயே இறக்கி வைக்கிறது. நீராவி அறையில் உடம்பெல்லாம் வழியும் நீரைப் பார்த்து ‘எவ்வளவு வேர்க்கிறது’ என்று மகிழ்பவர்கள் உண்டு. அதில் பாதிக்குமேல் வேர்வையே இல்லாமலும் இருக்கலாம். அறையின் ஆவி தோலில் படிந்த தண்ணீர் அது.

இந்தக் கணக்கைத் தூத்துக்குடிக் காற்றில் போட்டுப் பாருங்கள். 30 பாகை வெப்பமும் 75 சதவீத ஈரப்பதமும் உள்ள ஒரு சாதாரண மாலையில், ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 23 கிராம் நீராவி கலந்திருக்கும். டெல்லியில் மே மாதம் 42 பாகை காய்ந்தாலும் ஈரப்பதம் 15 சதவீதம் என்றால் 9 கிராம்கூட இராது. 43 பாகையில் இயங்கும் நீராவி அறையில் 59 கிராம். ஆக, நம் ஊர் மாலைக்காற்று நீராவி அறைக்குப் போகும் வழியில் ஐந்தில் இரண்டு பங்கைக் கடந்து நிற்கிறது. நமக்கு நீராவி புதிதே இல்லை.

மனித உடல் தாங்கும் எல்லையை ‘ஈரக்குமிழ் வெப்பநிலை’ என்ற அளவால் சொல்கிறார்கள். வெப்பமானியின் குமிழில் ஈரத்துணி சுற்றி அளப்பது. அது 35 பாகையை எட்டினால், நிழலில் சும்மா இருக்கும் ஆரோக்கியமான ஆள்கூடச் சில மணி நேரத்துக்குமேல் பிழைப்பது கடினம் என்பது அறிவியலாளர்கள் கணித்த எல்லை. நீராவி அறையின் ஈரக்குமிழ் அளவு 43! மனிதன் தொடர்ந்து வாழ முடியாத ஓர் இடத்துக்குப் பத்து நிமிடம் போய்வருவதுதான் நீராவிக் குளியல். இன்பம் முழுவதும் கதவைத் திறந்து வெளியே வருவதில் இருக்கிறது. வீட்டில் இதை அமைக்க நினைப்பவர்கள் கொதிகலனின் திறனைப் பற்றிக் கேட்கும் நூறு கேள்விகளில், வெளியே வந்ததும் எங்கே உட்காருவது என்ற கேள்வி ஒன்றாவது இருக்க வேண்டும்.

பின்லாந்துக்காரருக்கு வெளியே பனியும் ஏரியும் காத்திருக்கின்றன. ஏறத்தாழ 55 லட்சம் மக்கள் உள்ள அந்த நாட்டில் 30 லட்சத்துக்கும் அதிகமான சவுனாக்கள் உண்டு. 2020 டிசம்பரில் யுனெஸ்கோ அந்நாட்டுச் சவுனாப் பண்பாட்டை மனிதகுலத்தின் மரபுச் செல்வப் பட்டியலில் சேர்த்தது. ஆனால் இந்தக் கலை அவர்களுக்கு மட்டும் சொந்தமில்லை. சரக சம்ஹிதை நெருப்பின் துணையோடு வேர்க்க வைக்கும் முறைகளாகப் பதின்மூன்றைச் சொல்கிறது. அவற்றில் ஒன்று, சூடேற்றிய கற்பலகைமேல் விரிப்புப் போட்டுப் படுக்க வைப்பது. இன்னொன்றான ஜேந்தாகம் முழுக்க ஒரு சவுனாதான்: குளக்கரையில் வட்டமான மண்குடில், சுவரை ஒட்டி உட்காரத் திண்ணை, நடுவில் துளையிட்ட மண் உலை. வேர்த்து உடம்பு இலேசானதும் வெளியே வா, வந்தவுடன் குளிர்ந்த நீரைத் தொடாதே, சற்று ஆறியபின் வெந்நீரில் குளி என்கிறது நூல். ஏரியில் குதிக்கும் பின்லாந்து முறைக்கு நேர் எதிர். வெயில் நாட்டின் அறிவு அது.

இதன் தடம் நம் கடலுக்கு எதிர்க்கரையிலும் இருக்கிறது. புத்த சமய வினய நூல்களில் மருத்துவர் ஜீவகர், பிக்குகள் வளமான உணவை உண்டு நோயாளிகளாகிறார்கள் என்று கண்டு, நடைபாதையும் வெப்பக் குளியல் அறையும் அனுமதிக்கும்படி புத்தரிடம் கேட்டதாக வருகிறது. ஜந்தாகரம் எனப்படும் அந்த அறைகளின் இடிபாடுகளை இலங்கையின் பழைய மடாலய வளாகங்களில் இன்றும் காணலாம். மன்னார் வளைகுடாவின் மறுபக்கம் அது. ஓடமும் தோணியும் இடைவிடாமல் போய்வந்த இந்தக் கரையில் அப்படி ஓர் அறை கட்டப்பட்டதற்குச் சான்று எதையும் நான் பார்த்ததில்லை. இங்கே அது அறையாகாமல் அடுக்களைச் சருவமாகவே தங்கிவிட்டது.

சித்த மருத்துவத்தில் புற மருத்துவ முறைகள் 32. ஒற்றடம், பொட்டணம், தொக்கணம், புகை போன்றவற்றோடு வேதுவும் ஒன்று. 1964 முதல் இயங்கிவரும் பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரி நமக்கு ஒரு மணி நேரப் பயணம்தான். ஆனால் நம் வீடுகளில் வேது, மருத்துவரைக் கேட்டு வந்த சங்கதி கிடையாது. சளி பிடித்தால் வேலியோரத்து நொச்சியில் இரண்டு கொத்து ஒடித்து வருவார்கள். நொச்சி கிடைக்காத தெருவில் வேப்பிலை, யூகலிப்டஸ் இலை, ஒன்றும் இல்லையென்றால் ஒரு கரண்டி மஞ்சள்பொடி. சருவத்தில் தண்ணீர் தளதளவென்று கொதித்ததும் தரையில் இறக்கி வைத்து, முக்காலியில் ஆளை உட்கார வைத்து, மேலே கனத்த போர்வையைக் கவிழ்த்துவிடுவாள் ஆச்சி. “ஏல, மூக்கால இழுத்து வாயால விடு. தலையத் தூக்காத.” உள்ளே நொச்சியின் காரமான பச்சை வாசனை. கண்ணை மூடாவிட்டால் எரியும். மூக்குநுனியில் துளி சேர்ந்து சருவத்துக்குள் சொட்டும். ஆவி தணிந்ததும் அடுப்பில் சுட்ட செங்கல் துண்டை இடுக்கியால் எடுத்து உள்ளே போடுவதும் உண்டு. ‘சொய்ங்’ என்று சத்தத்தோடு ஆவி மறுபடி குபுகுபுவெனக் கிளம்பும். பின்லாந்து அடுப்பின் கற்கள்மேல் ஊற்றும் தண்ணீரும் இதே காரியத்தைத்தான் செய்கிறது.

பிள்ளை பெற்றவளுக்கு இது இன்னும் விரிவான சடங்கு. நொச்சி, புளியிலை, வேப்பிலை, தழுதாழை போட்டுக் காய்ச்சிய தண்ணீரைப் பொறுக்கும் சூட்டில் இடுப்பிலும் முதுகிலும் ஓங்கி ஊற்றுவார்கள். பிறகு சாம்பிராணிப் புகையில் தலையைக் காயவைப்பார்கள். பனைநார்க் கட்டில் இருந்த வீடுகளில் அடியில் சருவத்தை வைத்து, மேலே படுத்தவரைப் போர்த்தி, நாரின் இடைவெளி வழியாக முதுகுக்கு வேது கொடுக்கும் வழக்கமும் உண்டு. லெய்ப்சிக் நகரத்து லூயி கூனே பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரபலமாக்கிய வீட்டு நீராவிக் குளியலும் இப்படித்தான்: பிரம்பு பின்னிய பலகை, அடியில் கொதிநீர்ப் பானைகள், மேலே கம்பளி. காந்தியை இயற்கை மருத்துவத்தின்பால் இழுத்த நூல்களில் கூனேயின் நூலும் ஒன்று. தமிழ்நாட்டு இயற்கை மருத்துவ நிலையங்களின் நீராவிப் பெட்டிகளுக்கு அவர் ஒருவகையில் மூதாதை. இன்று இணையத்தில் விற்கும் கூடாரத்தையும் அந்த வரிசையில்தான் வைக்க வேண்டும். கம்பளிக்குப் பதில் பாலியெஸ்டர், பானைக்குப் பதில் மின்கொதிகலன்.

சரி, பலன் என்ன? இங்கேதான் விளம்பரமும் ஆய்வும் பிரிகின்றன. சவுனாவுக்கு ஆதரவாக எல்லாரும் எடுத்துக்காட்டுவது பின்லாந்தின் கிழக்குப் பகுதியில் 2,315 நடுவயது ஆண்களைச் சுமார் இருபது ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2015இல் வெளியான ஆய்வு. வாரம் ஒருமுறை சவுனா போனவர்களைவிட நான்கு முதல் ஏழு முறை போனவர்களிடம் திடீர் இதய மரணம் கணிசமாகக் குறைவாக இருந்தது. நல்ல செய்திதான். ஆனால் அது வறண்ட சவுனா பற்றியது, நீராவி அறை பற்றியதல்ல. தினமும் சவுனா போகத் தெம்பும் நேரமும் உள்ளவர் முன்பே ஆரோக்கியமானவராக இருந்திருக்கலாம் என்ற ஐயத்தையும் இத்தகைய ஆய்வு முழுதாகத் தீர்த்துவிடாது. சூட்டில் இரத்தக் குழாய்கள் விரிகின்றன, நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 100, 120 என்று வேக நடையின் அளவுக்கு ஏறுகிறது, தசை தளர்கிறது, அன்றிரவு தூக்கம் நன்றாக வருகிறது. இவ்வளவையும் தயங்காமல் சொல்லலாம். மனசார நம்பி வாங்குவதற்கு இதுவே போதுமான காரணம் என்று நினைப்பவர்களோடு எனக்கு வழக்கில்லை. சுகம் என்பதும் ஒரு பயன்தான்.

எடை குறைவது தண்ணீர். இரண்டு டம்ளர் மோர் குடித்ததும் திரும்பி வந்துவிடும். நச்சு வெளியேறும் கதை அதைவிட மோசம். வேர்வையில் இருப்பது தண்ணீரும், லிட்டருக்கு இரண்டு மூன்று கிராம் அளவில் உப்பும், வேறு சில பொருட்கள் துளித்துளியும். கழிவை அகற்ற ஈரலும் சிறுநீரகமும் இருக்கின்றன. வேர்த்துக் கொட்டி நீர் வற்றினால் அந்தச் சிறுநீரகத்துக்குத்தான் பாடு.

இதற்கு ஆதாரம் தேடி வெளிநாடு போக வேண்டாம். வேர்ப்பதே ஆரோக்கியம் என்றால் இந்த மாவட்டத்திலேயே ஆரோக்கியமானவர்கள் உப்பளத் தொழிலாளர்களாக இருக்க வேண்டும். குஜராத்துக்கு அடுத்து நாட்டின் உப்பில் பெரும்பங்கு விளையும் இடம் இது. விடியுமுன் அளத்தில் இறங்கி, வெள்ளைப் பரப்பில் பட்டு எதிரடிக்கும் வெயிலில் உப்பு வாரிச் சுமக்கும் ஆணும் பெண்ணும் வருடத்தில் பாதிக்குமேல் சவுனாவில்தான் இருக்கிறார்கள். சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி நிறுவனத்தின் வித்யா வேணுகோபால் குழு தமிழக உப்பளங்களில் ஆராய்ந்தபோது, பெரும்பாலான தொழிலாளர்கள் பரிந்துரைக்கப்பட்ட வெப்ப வரம்புக்கு மேல் வேலை செய்வதும், நீரிழப்பும் சிறுநீரகச் சிக்கல்களும் அவர்களிடம் இருப்பதும் தெரியவந்தன. கழிப்பறை இல்லாததால் பெண்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள். பணம் கொடுத்து வேர்ப்பவருக்கும் கூலிக்கு வேர்ப்பவருக்கும் உள்ள வித்தியாசம் மூன்றே: தண்ணீர், நிழல், எழுந்து வெளியே போகும் உரிமை. நீராவிக் குளியலைச் சுகமாக்குவதும் இந்த மூன்றுதான்.

சளிக்கு வருவோம். சாதாரணச் சளிக்குச் சூடான ஈரக்காற்றைச் சுவாசிப்பது பற்றி 387 பேரை உள்ளடக்கிய ஆறு சோதனைகளைத் தொகுத்து காக்ரேன் குழு 2017இல் வெளியிட்ட மதிப்பீடு, உறுதியான நன்மையையோ தீமையையோ காட்ட முடியவில்லை என்றது. மூக்கடைப்பு இளகுவதும் தலைப்பாரம் குறைவதும் பிடிப்பவருக்குத் தெரியும். நோய் அதனால் குறைந்த நாளில் போய்விடும் என்று சொல்ல ஆதாரம் இல்லை. கிருமியை ஆவியால் கொல்லலாம் என்பது வீண்பேச்சு. கிருமி சாகும் சூட்டில் மூக்கின் உள்தோல் முதலில் வெந்துவிடும். 2021 மே மாதம், கொரோனா இரண்டாம் அலையில், தமிழ்நாட்டில் பொது இடங்களில் ஆவி பிடிக்கும் எந்திரங்களை வைக்கத் தொடங்கினார்கள். ஒரே குழாய் முன்னால் ஒருவர்பின் ஒருவராக முகக்கவசத்தைக் கழற்றிவிட்டு நின்றார்கள். தொற்று பரவும், இதை விடுங்கள் என்று மக்கள் நல்வாழ்வுத் துறை அமைச்சர் மா. சுப்பிரமணியன் கேட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று.

கடலில் மூழ்குபவர்களுக்கு இங்கே தனியாக ஒரு வார்த்தை. 1961க்குப் பின் இந்தக் கரையில் முத்துக்குளிப்பு நடக்கவில்லை என்றாலும் சங்கு குளிப்பவர்கள் இருக்கிறார்கள். பத்து மீட்டர் இறங்கினாலே அழுத்தம் இருமடங்காகும். மூக்கும் காதும் அடைத்திருக்கும் நாளில் இறங்கினால் செவிப்பறை கிழியலாம். ஆவி பிடித்து மூக்கைத் திறந்துகொண்டு இறங்கலாம் என்ற எண்ணம் ஆபத்தானது. அந்தத் திறப்பு கொஞ்ச நேரத்துக்குத்தான். அடியில் இருக்கும்போது மறுபடி அடைத்தால் ஏறும் வழியில் வலி பிய்த்தெடுக்கும். சளி இருந்தால் கரையில் இருப்பதே மருத்துவம்.

ஆபத்து என்றால் பெரும்பாலோர் மயக்கத்தை நினைக்கிறார்கள். வீட்டில் உண்மையில் நடப்பது சுடுநீர்க் காயம். 2020இல் இங்கிலாந்தின் பர்மிங்காம் குழந்தைகள் மருத்துவமனை, ஆவி பிடிக்கும்போது வெந்துபோன குழந்தைகளின் எண்ணிக்கை திடீரென முப்பது மடங்கு உயர்ந்ததாக லான்செட் இதழில் எழுதியது. அங்கும் காரணம் நம் வீட்டில் உள்ளதேதான்: மேசைமேல் கிண்ணம், மடியில் பாத்திரம், போர்வையின் நுனி, குழந்தையின் கால். ஆவியின் இயல்பும் தெரிந்திருக்க வேண்டும். 100 பாகையில் உள்ள ஒரு கிராம் வெந்நீர் நம் உடம்பின் சூட்டுக்கு இறங்கும்போது 63 கலோரி வெப்பம் தருகிறது. அதே ஒரு கிராம் ஆவி, நீராக மாறும்போதே 540 கலோரியைக் கொட்டிவிட்டு, அதன்பின் அந்த 63ஐயும் தருகிறது. நம் ஊர் அனல்மின் நிலையத்தில் 210 மெகாவாட் சுழலிகளைச் சுழற்றுவது இதே சங்கதிதான். கொதிகலன் குழாயின் வாய்க்கு நேரே காலை நீட்டக்கூடாது என்பதற்கு வேறு விளக்கம் வேண்டாம்.

இனி வீட்டில் எப்படி என்று பார்க்கலாம்.

செலவே இல்லாதது வேது. இரண்டு லிட்டர் தண்ணீர் போதும். சருவம் அகலமாக, அடி தட்டையாக இருக்க வேண்டும், தரையில்தான் இருக்க வேண்டும். கட்டிலில், மடியில், ஸ்டூலில் வேண்டவே வேண்டாம். அடுப்பிலிருந்து இறக்கி ஒன்றிரண்டு நிமிடம் கழித்து, முகத்துக்கும் தண்ணீருக்கும் ஒரு முழ இடைவெளி விட்டு, ஐந்து முதல் எட்டு நிமிடம். நொச்சி இருந்தால் போடுங்கள், வாசனைக்காகவே போடலாம். கற்பூரத்தைத் தட்டிப் போடும் வழக்கத்தை விட்டுவிட வேண்டும், குழந்தைகளுக்கு அது நஞ்சு. யூகலிப்டஸ் தைலம் ஒரு சொட்டுக்கு மேல் போனால் கண்ணும் தொண்டையும் எரியும்.

பிளாஸ்டிக்கில் வரும் சிறு ஆவிக்கருவிகளில் ஒரு வினோதம் உண்டு. மலிவான பலவற்றில் சூடேற்றும் கம்பி கிடையாது. இரண்டு தகடுகளுக்கு நடுவே தண்ணீர் வழியாகவே மின்சாரம் பாய்ந்து கொதிக்க வைக்கிறது. ஆர்.ஓ. தண்ணீரில் உப்பு மிகக் குறைவு என்பதால் அது லேசில் கொதிக்காது. நம் ஊர் ஆழ்குழாய்ச் சவர்த்தண்ணீரை ஊற்றினால் ஆவேசமாகப் பொங்கிக் கொதிநீரைத் துப்பும். குழாயில் வரும் தாமிரபரணித் தண்ணீர் பெரும்பாலும் சரிவரும். எந்தத் தண்ணீரானாலும், சுவிட்சை அணைத்து பிளக்கை உருவாமல் மூடியைத் திறக்கக்கூடாது. உள்ளே இருக்கும் தண்ணீரில் 230 வோல்ட் ஓடுகிறது.

அடுத்தது கூடாரம். ஒரு கிலோவாட் கொதிகலன் மணிக்குச் சுமார் 1.4 லிட்டர் தண்ணீரை ஆவியாக்கும். ஒரு கன மீட்டர்கூட இல்லாத கூடாரத்துக்கு இது தாராளம், பத்து நிமிடத்தில் உள்ளே வெதுவெதுக்கும். மின்செலவு அரை யூனிட்டைச் சுற்றித்தான். என் கணிப்பில் நடுத்தர வீட்டுக்குப் பொருத்தமானது இதுவே, சில நிபந்தனைகளோடு. வீட்டில் மின்கசிவைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. இருக்க வேண்டும். கொதிகலன் கூடாரத்துக்கு வெளியே இருக்க வேண்டும், குழாய் வாயைக் காலிலிருந்து தள்ளி, துணி உறைக்குள் வைக்க வேண்டும். ஜிப்பை உள்ளிருந்து நீங்களே திறக்க முடிகிறதா என்று வெறுங்கூடாரத்தில் சோதித்துவிடுங்கள். கலனில் காய்ச்சிய இலைகளைப் போட்டால் குழாய் அடைக்கும், சவர்த்தண்ணீர் ஊற்றினால் சில வாரங்களில் கம்பிமேல் வெள்ளையாகச் சுண்ணாம்பு பூக்கும். எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணீரைக் கொதிக்கவிட்டு அலசலாம். முடித்ததும் கூடாரத்தை மாடியில் வெயிலில் விரித்துக் காயவையுங்கள். மடித்துக் கட்டிலுக்கடியில் தள்ளினால் மூன்றாம் நாள் பூஞ்சை நாற்றம்.

முழு நீராவி அறைக்கு நான் ஆதரவாளன் அல்ல. ஐந்தடிக்கு ஏழடி, எட்டடி உயரக் குளியலறை என்பது சுமார் 8 கன மீட்டர். காற்றை மட்டும் நிறைக்க 300 கிராம் ஆவி போதும் என்று கணக்கு சொல்லும். ஆனால் குளிர்ந்த ஓடுகளும் சுவரும் அதைப்போலப் பல மடங்கு ஆவியைக் குடித்துவிடும். ஆகவே மூன்று முதல் ஆறு கிலோவாட் கருவி வேண்டும், ஆவி கசியாத கதவு வேண்டும், தலையில் துளி சொட்டாதபடி சரிந்த கூரை வேண்டும், சுவருக்குள் நீர்த்தடுப்புப் பூச்சு வேண்டும். கடற்காற்றின் உப்பு இந்த ஈரத்தோடு சேர்ந்தால் 304 வகை எவர்சில்வர்கூடத் துருப்புள்ளி போடும். 316 வகை கேட்டு வாங்க வேண்டும், விலை ஏறும். இவ்வளவும் செய்து, கதவைத் திறந்து வெளியே வந்தால் தூத்துக்குடிப் புழுக்கம் நிற்கிறது. பின்லாந்து ஏரியை யார் கொண்டுவருவது?

நமக்கு ஏரி, மின்விசிறிதான். வேர்த்த உடம்பைத் துண்டால் ஒற்றிவிட்டு விசிறிக்காற்றில் பத்து நிமிடம் உட்காருவது, அதன்பின் தொட்டித் தண்ணீரில் குளிப்பது, பிறகு ஒரு செம்பு மோரோ உப்பிட்ட எலுமிச்சைச் சாறோ. மாரிக்காலத்தில் என்றால் சுக்கும் நல்லமிளகும் தட்டிப்போட்டு, உடன்குடிக் கருப்பட்டி கரைத்த காபி. சித்திரை, வைகாசியில் இந்த வேலையே வேண்டாம். ஐப்பசி மழையிலிருந்து வாடை அடிக்கும் மார்கழி, தை வரைதான் நம் ஊரில் வேதுவுக்குப் பருவம். நேரமும் பொழுது சாய்ந்தபின். உண்டு முடித்த உடனேயும் கூடாது, குடித்துவிட்டு அறவே கூடாது.

பத்து, பதினைந்து நிமிடம் என்பது மேல் எல்லை. தாங்கிக் காட்டுவது இதில் வீரம் ஆகாது. பின்லாந்தின் ஹெய்னோலாவில் உலகச் சவுனாப் போட்டி என்றே ஒன்று நடந்துகொண்டிருந்தது. 2010 இறுதிச் சுற்றில் 110 பாகையில் உட்கார்ந்திருந்த ரஷ்யப் போட்டியாளர் இறந்தார், எதிரே இருந்த பின்லாந்துக்காரர் கடுமையான தீக்காயங்களோடு பிழைத்தார். அத்தோடு போட்டியை நிறுத்திவிட்டார்கள். கர்ப்பிணிகள், குறிப்பாக முதல் மூன்று மாதத்தில், உடம்பு முழுதும் சூடேறும் எதையும் தவிர்க்க வேண்டும். நிலையில்லாத நெஞ்சுவலி, குறைந்த இரத்த அழுத்தம், வலிப்பு உள்ளவர்கள், நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது. நீண்டநாள் சர்க்கரை நோயில் காலுக்கு உணர்வு மங்கியவர்களுக்குச் சுட்டது தெரியாது. காய்ச்சல் அடிக்கும் உடம்பைப் போர்வைக்குள் போட்டு இன்னும் சூடேற்றுவதும் தப்பு. பிள்ளைப்பேற்றை எதிர்நோக்கும் ஆண்களுக்கு ஒரு செய்தி: தொடர்ந்த சவுனா விந்தணு எண்ணிக்கையைத் தற்காலிகமாகக் குறைப்பதாக ஆய்வு உண்டு, நிறுத்தினால் சில மாதங்களில் மீள்கிறது.

கையில் ஒன்றிரண்டு லட்சம் இருந்து, வீட்டில் நீராவி அறை கட்டலாமா என்று யோசிப்பவர்களுக்கு என் யோசனை இதுதான். ஒரு கூடாரம் வாங்குங்கள், மின்கசிவுக் கருவியைப் பொருத்துங்கள், குளியலறையில் நல்ல வெளியேற்று விசிறி ஒன்று மாட்டுங்கள், வேலியோரம் ஒரு நொச்சி நடுங்கள். மீதிப் பணம் கையில் இருக்கட்டும். சிறு குழந்தைகள் உள்ள வீடு என்றால் அவர்கள் தூங்கியபின் வேது பிடியுங்கள், சருவத்துத் தண்ணீரைக் கொட்டிவிட்டு மறுவேலை பாருங்கள்.